எம்டிபியை (மலைப்பாதை சைக்கிளை) சரளைச் சாலைக்கும் செங்குத்து ஏற்றத்துக்கும் மாற்றுவது: எதில் கை வைக்கலாம், எதை விட்டுவிடலாம்?

ஒற்றையடி கேட்டது:

29 அங்குல ஹார்டுடெயில் (முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள) எம்டிபி. சரளைச் சாலையில் நீண்ட தூரம் ஓட்ட வேண்டும், நடுவில் வரும் 10–14% ஏற்றங்களை இறங்கித் தள்ளாமல் ஏற வேண்டும். தனியாக ஒரு கிராவல் பைக் (சரளைக்கென்றே செய்த சைக்கிள்) வாங்கும் எண்ணம் இல்லை. இப்போது இருப்பது:

முன்னால் 42-34-24 பல் கிராங்க், பின்னால் 8 ஸ்பீடு 11-32 பல், ஷிமானோ ஆல்ட்டஸ் எம்310 டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி). 100 மி.மீ. அமுங்கும் காயில் (ஸ்பிரிங்) ஃபோர்க், நேர் ஸ்டீரர் (ஃபோர்க்கின் மேல் குழாய்), குவிக் ரிலீஸ் அச்சு. 29x2.25 பெரிய பொத்தான் டயர், டியூப் போட்டு 40 பிஎஸ்ஐ காற்று. கேபிள் டிஸ்க் பிரேக், 160 ரோட்டர். ஹேண்டில்பார் 720 மி.மீ. பைக் 14.5 கிலோ, நான் 78 கிலோ.

மனதில் உள்ள மாற்றங்கள்: 1x ஆக்கி (முன்னால் ஒரே பல்சக்கரம்) முன்னால் 34, பின்னால் 11-42, ரிஜிட் (அமுங்காத) ஃபோர்க், டிராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்), 700x40 டயர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது, எது வீண்?

ஏற்றத்தில் தொந்தரவு இதுதான்: முன்னால் 24, பின்னால் 32 பல்லில் போட்டும் மிதி நின்றுபோகிறது. எழுந்து மிதித்தால் பின் டயர் வழுக்கிச் சுழல்கிறது. உட்கார்ந்து மிதித்தால் முன் சக்கரம் தூக்குகிறது.

---

இருபத்திரண்டு_பல் பதில்:

1x திட்டத்தை முதலில் அடித்துவிடுங்கள். 34ஐ 42ஆல் வகுத்தால் 0.81 (எண் சின்னதானால் கியர் இலகு). உங்களிடம் இப்போதே இருக்கும் 24/32 என்பது 0.75. செலவு செய்து ஏற்றத்துக்கான கியரை இன்னும் கனமாக்கப் போகிறீர்கள். 1xல் பெரிய கேசட்டை, அதாவது பின் பல்சக்கரத் தொகுதியைப் பார்த்ததும் கியர் இலகுவாகிவிடும் என்று தோன்றும். முன்னால் இருந்த சின்ன செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போய்விட்டதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவோம்.

ஒப்பிட்டுப் பாருங்கள்: 24/34 என்றால் 0.71. 22/32 என்றால் 0.69. 22/34 என்றால் 0.65. 1xல் 32/46 போட்டால் 0.70, 32/51 போட்டால் 0.63. அதாவது பழைய 3xல் 22/34 வைத்திருப்பவருக்கு 32/46 வைத்திருப்பவரைவிட இலகுவான கியர் இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமானால் 51 பல் கேசட் வரை போக வேண்டும். அதற்கு ஷிஃப்டர், டெரெய்லர், செயின், கேசட், செயின்ரிங் எல்லாமே புதிது. 11 ஸ்பீடு டியோர் 11-51 உங்கள் வகை ஃப்ரீஹப்பில் (கேசட் மாட்டும் உருளையில்) ஏறும். 12 ஸ்பீடு 10-51க்கு மைக்ரோ ஸ்ப்ளைன் ஃப்ரீஹப் வேண்டும், பெரும்பாலும் சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும்.

இந்த எண்கள் காலில் எப்படித் தெரியும்? பைக், ஆள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். 12% ஏற்றம், சுமாரான சரளை. பின்னுக்கு இழுக்கும் விசை கிட்டத்தட்ட 122 நியூட்டன். டயர் சுற்றளவு 2.27 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால்:

24/32 – மணிக்கு 6.1 கி.மீ., தேவை சுமார் 208 வாட்
24/34 – 5.8 கி.மீ., 195 வாட்
22/34 – 5.3 கி.மீ., 179 வாட்

208 வாட்டை இருபது நிமிடம் தொடர்ந்து கொடுப்பதற்கும் 179 வாட்டைக் கொடுப்பதற்கும் நடுவில்தான் இறங்கித் தள்ளுவதா வேண்டாமா என்பது இருக்கிறது. 60 சுற்றைத் தாக்குப்பிடிக்க முடியாமல் 45க்கு இறங்கினால் ஒவ்வொரு மிதியும் குத்தலாகும். பின் டயர் சுழலுவதற்கும் பாதிக் காரணம் அந்தக் குத்தல்தான்.

எனவே என் வரிசை: முதலில் 11-34 கேசட். எம்310 டெரெய்லர் 34 பல் வரை ஏற்கும், மொத்தக் கொள்ளளவு (அது இழுத்துப் பிடிக்கக்கூடிய பல் வித்தியாசம்) 43. உங்கள் கணக்கு (42−24)+(34−11)=41, தாராளம். பின்னொருநாள் முன்னால் 22க்குப் போனாலும் சரியாக 43தான் வருகிறது.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பின்னால் இருப்பது உண்மையிலேயே கேசட்டா, திருகி மாட்டும் ஃப்ரீவீலா? சக்கரத்தைக் கழற்றி பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். 8 ஸ்பீடு ஃப்ரீவீலில் அச்சின் வலது பக்கம் பேரிங்கைத் தாண்டி நீளமாகத் தொங்கும், சுமையோடு கரடுமுரடில் ஓட்டினால் அச்சு வளையும், முறியும். அப்படியென்றால் பணத்தை முதலில் கேசட் ஹப் உள்ள பின் சக்கரத்தில் போடுங்கள்.

கேசட் மாற்றும்போது செயினையும் அளந்துவிடுங்கள். 24 கண்ணிகளின் நீளம் புதிதில் 304.8 மி.மீ. 307ஐ நெருங்கிவிட்டால் அந்தச் செயின் புதுக் கேசட்டின் பற்களையும் சீக்கிரம் தேய்த்துவிடும். புதுச் செயினை 42க்கும் 34க்கும் மேலாக, டெரெய்லருக்குள் நுழைக்காமல் சுற்றிப் பிடித்து, சந்திக்கும் இடத்துக்கு மேல் இன்னும் இரண்டு கண்ணி விட்டு வெட்டுங்கள். பழைய 32 கணக்கில் வெட்டிய செயினையே போட்டுவிட்டு, ஒருநாள் தெரியாமல் 42-34ல் தட்டினால் டெரெய்லர் ஹேங்கரோடு (ஃபிரேமில் அதைத் தாங்கும் துண்டோடு) பிய்ந்து வரும். கடைசியாக பி-ஸ்க்ரூ (டெரெய்லரின் இடைவெளித் திருகு): டெரெய்லரின் மேல் புல்லிக்கும் (சின்னச் சக்கரத்துக்கும்) 34 பல்லுக்கும் இடையே 5–6 மி.மீ. இடைவெளி.

---

பொத்தான்_டயர் பதில்:

மேலே சொன்ன கியர் கணக்கில் தகராறு இல்லை. ஆனால் முதல் செலவு டயர் என்பேன். அதற்கும் முன்னால், செலவே இல்லாத வேலை ஒன்று: 40 பிஎஸ்ஐயைக் குறையுங்கள். 2.25 அங்குல டயரில், 78 கிலோ ஆளுக்கு அது பாறை மாதிரி. ஒவ்வொரு கல்லும் பைக்கையும் உங்களையும் மேலே தூக்கிப் போடுகிறது, அந்த உதறலில் கரைவது நீங்கள் மிதித்த சக்தி. ஏற்றத்தில் டயர் கல்லைச் சுற்றிப் படியாமல் அதன் தலையில் மட்டும் தொட்டு நிற்கிறது, அதனால்தான் சுழல்கிறது.

டியூப் இருக்கும்வரை முன்னால் 26–28, பின்னால் 29–32. இதற்குக் கீழே போனால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ் ஆக்கினால் (டியூப் இல்லாமல் ஓட்டினால்) முன்னால் 20–22, பின்னால் 22–25. ஒரு நேரத்தில் 1 பிஎஸ்ஐ மட்டும் மாற்றிப் பாருங்கள். கேஜ் உள்ள பம்ப் வேண்டும், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் இங்கே உதவாது.

700x40 தேவையில்லை. உங்கள் ரிம்மில் அது உட்காரும், 29ம் 700சியும் ஒரே 622 மி.மீ. விட்டம்தான். சக்கரச் சுற்றளவு 3–4% குறைவதால் கியர் கொஞ்சம் இலகுவாகக்கூட ஆகும். ஆனால் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) 15 மி.மீ. அளவுக்குத் தாழும், மிதி கல்லில் இடிக்கும். அகலமான டயர் தரும் பிடிப்பும் சொகுசும் போய்விடும். எம்டிபி ஃபிரேமின் பெரிய லாபமே அகல டயருக்கு இடம் இருப்பது, அதை ஏன் விட வேண்டும்?

போட வேண்டியது 2.1–2.2 அகலத்தில், நடுவில் தாழ்வான நெருக்கமான பொத்தான், ஓரத்தில் சற்றே உயர்ந்த பொத்தான் உள்ள டயர். கான்டினென்டல் ரேஸ் கிங், விட்டோரியா மெஸ்கால், மாக்ஸிஸ் ஐகான் இந்த ரகம். கம்பி விளிம்பு டயர் வேண்டாம், மடிக்கக்கூடிய விளிம்பு உள்ளதை எடுங்கள். பக்கச் சுவர் மெல்லியதாக இருப்பதும் உருளும் வேகத்தைக் கூட்டும். தளர்ந்த சரளை அதிகமென்றால் முன்னால் கொஞ்சம் முரட்டு டயர், பின்னால் வேகமான டயர். முன் டயர் வழுக்கினால் விழுவீர்கள், பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

டியூப்லெஸ் ரிம் என்று எழுதியிராத ரிம்மில் டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். விளிம்பை உள்ளே பிடித்து நிறுத்தும் மேடு அதில் இருக்காது, குறைந்த காற்றில் திருப்பத்தில் டயர் கழன்று வரும். எழுதியிருந்தால், ரிம்மின் உள் அகலத்தைவிட 2–4 மி.மீ. அகலமான டேப், சக்கரத்துக்கு சுமார் 100 மி.லி. சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றல். அவ்வளவுதான்.

---

வளைவு_பார் பதில்:

எல்லோரும் டிராப் பாரைத் தொடாமலே போகிறீர்கள். நீண்ட சரளைச் சாலையில் கை வைக்க மூன்று இடம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. எதிர்காற்றில் குனிந்துகொள்ளலாம். 8 ஸ்பீடு என்பதால் கேபிள் இழுப்பும் பொருந்தும்: ஷிமானோவில் 9 ஸ்பீடு வரை ரோடு ஷிஃப்டரும் எம்டிபி பின் டெரெய்லரும் ஒன்றுக்கொன்று பேசும்.

---

இருபத்திரண்டு_பல் பதில்:

பின் டெரெய்லர் பேசும், முன் டெரெய்லர் பேசாது. ரோடு ஷிஃப்டர் முன்பக்கம் இழுக்கும் கேபிள் அளவு எம்டிபி முன் டெரெய்லருக்கு ஒத்துவராது. இங்கே உயிர்நாடியே அந்த 24 பல் ரிங்தான்.

பிரேக்கும் சிக்கல். இப்போதுள்ள கேபிள் காலிப்பர் (ரோட்டரைக் கவ்வும் பகுதி) எம்டிபி லீவருக்கானது, அதிகக் கேபிள் கேட்கும். ரோடு லீவர் குறைவாகத்தான் இழுக்கும். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும், பிரேக் பிடித்திருக்காது. ரோடு வகைக் காலிப்பர் இரண்டு வாங்க வேண்டும். இருக்கும் லீவர்களையே டிராப் பாரில் மாட்டலாம் என்றால் பார் விட்டம் 23.8 மி.மீ., லீவர் கிளாம்ப் 22.2க்கு.

இதையெல்லாம் தாண்டினாலும் ஃபிரேம் நீளம் விடாது. எம்டிபி ஃபிரேம் அகல நேர் பாருக்காக நீளமாக வரையப்பட்டது. டிராப் பாரில் கை வைக்கும் இடம் 70–80 மி.மீ. முன்னால் போகிறது. அதை ஈடுகட்ட ஸ்டெம்மே (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டே) இல்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும். ஏற்றத்தில் முதுகு நீண்டு கிடக்கும், இறக்கத்தில் முன் சக்கரத்தின் மேல் தொங்குவீர்கள்.

---

வளைவு_பார் பதில்:

முன் டெரெய்லர், காலிப்பர் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் 22.2 மி.மீ. விட்டத்திலேயே 12–16 டிகிரி பின்னால் வளைந்த பார் போடலாம், லீவர் ஷிஃப்டர் எல்லாம் அப்படியே மாறும். கிரிப்புக்கு உள்பக்கம், லீவருக்கும் ஸ்டெம்முக்கும் நடுவில் சின்ன பார் எண்டு (முன்னால் நீளும் கைப்பிடிக் கொம்பு) ஒரு ஜோடி மாட்டினால் இரண்டாவது கைநிலையும் கிடைக்கும். கார்பன் பார் என்றால் பார் எண்டை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருக்கும் பாரையே வைப்பதானால் பக்கத்துக்கு 10 மி.மீ. வெட்டி ஓட்டிப் பார்த்து, பிறகு வேண்டுமானால் இன்னொரு 10. வெட்டிய பாரை ஒட்ட முடியாது.

---

ஒற்றையடி:

நன்றி. டிராப் பாரையும் 40 டயரையும் விட்டாயிற்று. பார்த்துவிட்டேன், பின்னால் இருப்பது கேசட்தான். கிராங்க்கில் செயின்ரிங் மூன்றும் ஆணி அடித்துச் சேர்த்தது போலிருக்கிறது, போல்ட் எதுவும் இல்லை. 22 போட வழி உண்டா? முன் சக்கரம் தூக்குவதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. ரிஜிட் ஃபோர்க் போட்டால் எடை குறைந்து ஏற்றம் சுலபமாகுமா?

---

இருபத்திரண்டு_பல் பதில்:

ரிவெட் அடித்த கிராங்க்கில் தனி ரிங் மாற்ற முடியாது, முழுக் கிராங்க்செட் மாற்ற வேண்டும். 42-32-22 எடுங்கள். போல்ட் வகையாக இருந்தால் நல்லது. உள் ரிங் 64 மி.மீ. போல்ட் வட்டம், அதில் 22 தான் வழக்கமான சிறிய அளவு. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சதுர முனை அச்சு என்றால் கிராங்க் புல்லர் வேண்டும். புல்லரின் மரையை முழுதாக உள்ளே திருகிய பிறகே தள்ளும் போல்ட்டைச் சுற்றுங்கள். நாலு மரை மட்டும் பிடித்த நிலையில் அழுத்தினால் கிராங்க்கின் அலுமினிய மரை உருவி வந்துவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதுக் கிராங்க் எந்த நீள அச்சைக் கேட்கிறது என்று தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்து, வேறென்றால் பாட்டம் பிராக்கெட்டும் மாற்றுங்கள். அச்சு குட்டையானால் 22 ரிங் ஃபிரேமில் உரசும், நீளமானால் செயின் கோடு வெளியே போய் முன் டெரெய்லர் எட்டாது. போல்ட் இறுக்கம் 35–50 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். 11-34ம் டயர் காற்றும் மாறிய பிறகு ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிராங்க்கைத் தொடுங்கள். 0.65க்குக் கீழே போவதிலும் லாபம் குறைவு. மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே சரளையில் பைக்கை நேராக வைத்திருப்பதே தனி வேலை.

---

டார்க்_ரெஞ்ச் பதில்:

ஃபோர்க் எடைக் கணக்கு: மலிவான காயில் ஃபோர்க் 2.3–2.8 கிலோ. இரும்பு ரிஜிட் 1.1–1.3 கிலோ. குறைவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 95 கிலோவில் அது ஒன்றரை சதவீதம், ஏற்றத்தில் மூன்று வாட். கேசட்டில் இரண்டே பல் கூட்டியதும் 13 வாட் குறைந்ததே, அதோடு ஒப்பிடுங்கள். எழுந்து மிதிக்கும்போது ஃபோர்க் அமுங்கி அமுங்கி எழுவது நிற்கும், முன்பக்கம் திட்டமாக இருக்கும். அதற்காகப் போடலாம், எடைக்காக வேண்டாம்.

போடுவதானால் அளவில் தவறக் கூடாது. அச்சு மையத்திலிருந்து, ஃபோர்க்கின் தலையில் ஹெட்செட்டின் (ஸ்டீயரிங் பேரிங்கின்) கீழ் வளையம் உட்காரும் இடம் வரை அளக்க வேண்டும். 29 அங்குல 100 மி.மீ. ஃபோர்க்கில் அது 500–510 இருக்கும். நீங்கள் ஏறியதும் 20–25 மி.மீ. அமுங்கும். ஆகவே 480–490 உள்ள ரிஜிட் ஃபோர்க்தான் பொருந்தும். சாதாரண கிராவல் ஃபோர்க் 400 மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும். அதைப் போட்டால் ஸ்டீயரிங் கோணம் நாலு டிகிரி செங்குத்தாகி, இறக்கத்தில் பைக் உங்கள் பேச்சைக் கேட்காது. 20 மி.மீ. மாற்றத்துக்கு ஒரு டிகிரி என்பது கைக்கணக்கு. வாங்கும்போது 28.6 மி.மீ. நேர் ஸ்டீரர், குவிக் ரிலீஸ் அச்சு, டிஸ்க் மவுண்ட், 2.25 டயர் நுழையும் இடம், இந்த நான்கையும் சரிபாருங்கள். ஸ்டீரர் ஸ்பேசர் உச்சிக்கு 3 மி.மீ. கீழே முடிய வேண்டும், இல்லையென்றால் ஹெட்செட் ஆட்டம் போகாது. கார்பன் ஸ்டீரரில் ஸ்டார் நட் (குழாய்க்குள் அடித்து இறக்கும் நட்டு) அடிக்கவே கூடாது.

முன் சக்கரம் தூக்குவதற்கு ஃபோர்க் காரணமில்லை, உட்காரும் இடம்தான். சீட்டை தண்டவாளத்தில் 10 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள். அப்போது மிதிக்கும் தூரம் சுமார் 3 மி.மீ. குறையும், சீட் போஸ்டை அந்த அளவு உயர்த்துங்கள். மூக்கை 2 டிகிரி தாழ்த்துங்கள். ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் இருந்தால் ஒன்றை எடுத்து மேலே போடுங்கள். ஏறும்போது முழங்கையை மடக்கி மார்பைக் கீழே கொண்டுவந்து, சீட்டின் முன்பாதியில் உட்காருங்கள். பாரை மேலே இழுக்காமல் பின்னுக்கும் கீழுக்குமாக இழுக்க வேண்டும். சாமான் பையைச் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டால் இவ்வளவும் வீண்.

பிரேக்கை யாரும் தொடவில்லை. 14% ஏறினால் 14% இறங்க வேண்டும். முன்னால் 180 ரோட்டரும் அதற்கான அடாப்டரும் போட்டால் அதே கைவிசைக்கு 12.5% அதிகப் பிடி. ஃபோர்க் 180ஐ அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ரோட்டரில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் போடாதீர்கள், ரோட்டரை அது தின்றுவிடும். கேபிள் பிரேக்கில் பேட் தேயத் தேய லீவர் பக்கத்துத் திருகைத் திருகி இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் காலிப்பர் கை பாதி வழியிலேயே தொடங்கி, நீண்ட இறக்கத்தில் சட்டென்று முட்டிக்கொண்டு நிற்கும். பேட்டையே காலிப்பரில் உள்ள திருகால் ரோட்டருக்கு அருகே கொண்டுவாருங்கள். ஒரு பேட் மட்டும் நகரும் வகை என்றால் நகராத பேட்டை ரோட்டரில் உரசுவதற்குச் சற்று முன்வரை நெருக்குங்கள். லீவர் திருகு சின்னத் திருத்தத்துக்கு மட்டும்.

---

பொத்தான்_டயர் பதில்:

3x வைத்துக்கொள்வதால் ஒன்று. சின்ன ரிங்குக்கு ஏற்றம் தொடங்குமுன்பே மாற்றிவிடுங்கள். பின் டெரெய்லர் செயினின் தளர்ந்த கீழ்ப் பகுதியைத் தள்ளுகிறது, முன் டெரெய்லர் இழுவையில் இருக்கும் மேல் பகுதியைத் தள்ளுகிறது. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே 34லிருந்து 24க்குத் தட்டினால் செயின் இறங்காது, அல்லது ஒரேயடியாக இறங்கி ஃபிரேமுக்கும் ரிங்குக்கும் நடுவில் சிக்கும். அடிக்கடி சிக்கினால் முன் டெரெய்லரின் உள் எல்லைத் திருகைப் பாருங்கள்: செயின் 24-34ல் இருக்கும்போது கூண்டின் உள் தகடு அதற்கு அரை மி.மீ. தள்ளி நிற்க வேண்டும்.

---

ஒற்றையடி:

காற்றை 27/31க்கு இறக்கியாயிற்று. அடுத்து 11-34 கேசட், செயின், பிறகு டயர். கிராங்க் அப்புறம். செயின் நீளத்தை 42-34க்கு அளந்தால், பிற்பாடு முன்னால் 22 ரிங் வரும்போது 22-11ல் ரொம்பத் தொங்காதா?

---

இருபத்திரண்டு_பல் பதில்:

கொள்ளளவு சரியாக 43ல் நிற்பதால் தொங்காது, கீழ்க் கூண்டு முழுதும் பின்னால் மடிந்துவிடும், அவ்வளவுதான். 22-11ல் யாரும் ஓட்டப் போவதும் இல்லை. நீளத்தை எப்போதும் பெரியது-பெரியதில் அளங்கள். செயின் தளர்ந்தால் சத்தம் வரும், குட்டையானால் டெரெய்லர் போகும்.